மூட்டையக்காவும் மணிச் சத்தமும்

அலுவலகத்தில் அவளை மூட்டையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், முகத்துக்கு நேராகவே. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்று அறைகளில் ஐந்து பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் நிறுவனம் அது. ஒருநாள் வெளியூர்ப் பயணத்துக்குக்கூட ஊசி, நூல், டார்ச், மாற்றுச் செருப்பு, அந்தச் செருப்பு பிய்ந்தால் ஒட்டப் பசை என்று கட்டிக்கொண்டு கிளம்புகிறவள் அவள். அவள் எழுதும் மென்பொருளும் அப்படித்தான்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போய், ஒரு மருந்துக் கிடங்கின் கம்ப்யூட்டரில் தன் மென்பொருளை ஏற்றினாள். அது ஓடத் தேவையான வேறு இரண்டு மென்பொருள்கள் அங்கே இல்லை. எழுத்துருவும் இல்லாததால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது. இறக்கிக்கொள்ளலாம் என்றால் இணையமே கிடையாது.

"எங்க ஆஃபீஸ்ல நல்லா ஓடிச்சுங்க" என்றாள் பரிதாபமாக.

"அப்ப அங்கயே ஓடட்டும்மா" என்று கும்பிடு போட்டார் கிடங்குக்காரர்.

அன்றோடு சரி. அதன்பின் அவள் எதை எழுதினாலும், அது ஓடத் தேவையான எல்லாவற்றையும், எழுத்துரு, படம், சத்தம் உட்பட, சுருக்கி ஒரே கோப்பாகக் கட்டிவிடுவாள். அதை இரண்டு தட்டுத் தட்டினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தானாக ஓடும்.

"மணியடிக்கிற ப்ரோக்ராமுக்கு இருநூறு எம்பியா? கம்ப்யூட்டரையும் உள்ள வெச்சுட்டீங்களாக்கா?" என்பான் எதிர் மேசைக்காரன்.

"முடிஞ்சா அதையும் வெப்பேன்டா."

அந்த மணியடிக்கிற மென்பொருள் ஒரு கால்நடை மருத்துவமனைக்காகச் செய்தது. டாக்டரம்மா பொத்தானை அமுக்கினால், வெளியே திரையில் அடுத்த எண் வரும், டிங் என்று மணி கேட்கும். கோப்பைக் கட்டி அனுப்பினாள். மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது.

"உங்க மணி எங்களத் திட்டுதுங்க."

"என்னங்க சொல்றீங்க?"

"நீங்களே கேளுங்க."

போனுக்குள்ளிருந்து இடி முழக்கமாய் ஒரு குரல் கிளம்பியது: "எவன்டா அங்க முண்டுறது? ஒழுங்கா வரிசையில நில்லு!"

மூட்டையக்காவுக்கு முகம் வெளிறிப்போனது. இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்த குரல். அவள் கணவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர். வீட்டில் ஒலிபெருக்கியைச் சோதிக்க "ஏதாவது பேசுங்க" என்று கேட்டு அவரைப் பதிவு செய்து, மணிச் சத்தக் கோப்புக்கு வைத்திருந்த பெயரிலேயே சேமித்திருந்தாள். பிறகு மாற்ற மறந்துவிட்டாள். எதையும் விடாமல் கட்டுகிறவள், வீட்டுக்காரரையும் விடவில்லை.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க. பத்தே நிமிஷம், மாத்தி அனுப்பிடறேன்."

"மாத்திடாதீங்க!" என்று பதறினார் டாக்டரம்மா. "ஒரு பெரிய நாய் பெஞ்சுக்கு அடியில போய்ப் படுத்துடுச்சு. ஜனங்க நூல் பிடிச்ச மாதிரி நிக்கிறாங்க. இத்தனை வருஷத்துல இப்படி நான் பார்த்ததே இல்ல. 'டா'வ மட்டும் எடுத்துக் குடுங்க, போதும்."

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது கணவருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டை மாற்றி, தலைவாரி, மைக் முன்னால் விறைப்பாக வந்து நின்றார்.

"ஒலிதானே பதியுது, சட்டை எதுக்கு?"

"நீ ஆன் பண்ணு."

ஆன் பண்ணினாள். ஐந்நூறு பிள்ளைகளை ஒற்றைச் சத்தத்தில் உறைய வைக்கிற மனிதர், புதுமாப்பிள்ளை மாதிரி நெளிந்து, "தயவுசெய்து... வரிசையில்... நிற்கவும்" என்றார். ஏழு முறை எடுத்தும் அதே கதைதான்.

"பூனைகூட மதிக்காது" என்றாள் மூட்டையக்கா, சிரிப்பை அடக்க முடியாமல்.

கடைசியில் பழைய பதிவிலேயே 'டா'வை மட்டும் வெட்டி, மீதியைச் சேர்த்து மறுபடி கட்டினாள். அனுப்புவதற்கு முன், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தாள். கட்டிய கோப்பைத் திறந்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தையல்காரருக்குக் கொடுக்கவேண்டிய ரவிக்கை அளவு எழுதிய தாள் ஒன்று, ஸ்கேன் செய்தபடி, படங்களின் நடுவே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.