பின்னலில் வந்த சங்கிலி

கொச்சியில், எங்கள் கொச்சங்காடியில் இப்போது விமானம் ஏறாத வீடு இல்லை. நான் நான்காம் வகுப்புப் படித்தபோது அப்படி இல்லை. எங்கள் சந்தில் வெளிநாடு பார்த்தவர் என்றால், மாலத்தீவில் தையல் வேலை செய்துவிட்டு வந்த ஒரு சேட்டன் மட்டும்தான். அதனால் கொழும்பிலிருந்து பெரியும்மா டிக்கெட் அனுப்பியதும், திரும்பி வரும்போது என்னென்ன கொண்டு வரலாம், எதற்கு வரி, எதற்கு வரியில்லை என்று கேட்க வாப்பா அவரிடம்தான் போனார்.

பெரியும்மா என்றால் உம்மாவின் அக்கா. கொழும்பில் வாழ்க்கைப்பட்டவர். பிள்ளை இல்லை. நெஞ்சுவலி வந்து படுத்தவர், தங்கையை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். என் ராத்தாவுக்கு, அதாவது மூத்த அக்காவுக்கு, நிக்காஹ் நடக்க அப்போது இரண்டு மாதம்தான் இருந்தது. கல்யாணப் பெண் கடல் கடக்கக் கூடாதென்று அவளை மாமியிடம் விட்டுவிட்டு, வாப்பா, உம்மா, நான் மூவரும் பத்து நாளைக்குப் புறப்பட்டோம்.

சேட்டன் சொன்ன சட்டங்கள் எனக்கு இன்னும் மனப்பாடம். வாப்பா அவற்றைத் தினமும் இரண்டு வேளை எங்களுக்கு ஓதிக் காட்டினார். உடுத்திய துணிக்கு வரியில்லை. வீட்டுக்கு வாங்குகிற சாமான்களுக்கு ஓர் அளவு வரை வரியில்லை, அதற்கு மேல் போனால் உண்டு. தங்கம் மட்டும் வேறு. ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான் அதில் சலுகை. பத்து நாள் போய் வருகிறவர், அங்கே யாராவது சும்மா கொடுத்ததாக இருந்தாலும், காட்டி வரி கட்டித்தான் கொண்டு வர வேண்டும்.

"ஒளிச்சுக் கொண்டு வந்தா தீர்ந்து இக்கா. சாதனமும் போகும், மானமும் போகும்" என்று சேட்டன் முடித்தார்.

வாப்பாவுக்கு அது போதும். மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு மிளகுக் கிடங்கில் எடை போடுகிற வேலை அவருக்கு. தராசு முள் நிற்கிற வரைக்கும் மூச்சுவிட மாட்டார் என்று அங்கே கேலி செய்வார்கள். போகும்போது போட்டிருந்த நகையா, வரும்போது வாங்கிய நகையா என்று யாரும் கேட்டுவிடக் கூடாதென்று, உம்மாவிடம் இருந்த இரண்டு வளையலையும் வீட்டிலேயே கழற்றி வைக்கச் சொன்னார். உம்மா கண்ணாடி வளையலோடு விமானம் ஏறினாள். ஏறும்போதே அவளுக்கு வருத்தம்.

அந்த வருத்தத்துக்குக் காரணம் ராத்தாவின் கழுத்து. மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், பெண்ணைக் கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம் பார்ப்பார்கள் என்பது உம்மாவின் எண்ணம். மூளிக் கழுத்தோடு பிள்ளையை எப்படி அனுப்புவது என்று தொழுகைப் பாயில் உட்கார்ந்து அழுவாள்.

கொழும்பில் கடைசி நாளுக்கு முந்தின நாள், பெரியும்மா தன் கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றினார். கெட்டியான சங்கிலி, அதில் பிறை வடிவத்தில் ஒரு பதக்கம். "மூத்தவளுக்கு என் கையால போட்டுவிடணும்னு இருந்தேன். அல்லாஹ் நாடல. நீ கொண்டு போய்ப் போடு" என்று உம்மாவின் மடியில் வைத்தார்.

வாப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். வாங்கிய கையோடு பெரியும்மாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

"தப்பா எடுக்காதீங்க மச்சி. இதுக்கு வரி கட்ட என்னால முடியாது. கட்டாம கொண்டு போக ஈமான் இடங்கொடுக்கல. இங்கயே இருக்கட்டும். நாளைக்கு அல்லாஹ் வேற வழி காட்டுவான்."

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் பயப்பட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

புறப்படுகிற அன்று காலை வாப்பா குளிக்கப் போனதும், உம்மா என்னை உள்ளறைக்கு இழுத்துக் கதவைச் சாத்தினாள். எனக்கு இடுப்பு வரை முடி. எப்போதும் ஒற்றைப் பின்னல்தான். அன்று முதலில் ஒரு கறுப்பு ரிப்பனில் சங்கிலியைச் சுற்றினாள். அதை முடியோடு சேர்த்து இறுக்கிப் பின்னி, பின்னலை மேலே மடித்துக் கட்டி, பதக்கம் பிடரிக்கு மேலே குழியில் உட்காரும்படி அமுக்கினாள். அதன் மேலே முக்காட்டுத் துணியைப் போட்டு நாலு பக்கமும் ஊசி குத்தினாள்.

"இது வாங்கின சாமானா? என் அக்கா கழுத்துல கிடந்தது. இதுக்கு எவன் வரி கேப்பான்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பிறகு என் முகவாயைப் பிடித்தாள். "யாரு என்ன கேட்டாலும் வாயத் திறக்காத மோளே. பொய் சொல்லச் சொல்லல. பேசாம இரு, அவ்வளவுதான். வாப்பாகிட்டயும்."

தலை பாரமாக இருந்தது. கழுத்தைத் திருப்பினால் பதக்கத்தின் முனை குத்தியது.

குளித்துவிட்டு வந்த வாப்பா என்னைக் கூப்பிட்டு, காகிதமும் பேனாவும் கொடுத்தார். சாமான்கள் எல்லாவற்றையும் எழுதி அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர் முடிவு. அவருக்குத் தமிழ் மட்டும்தான் எழுத வரும். எனக்கு மலையாளம்தான் எழுத வரும். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். பீங்கான் தட்டு ஆறு. கோப்பை ஆறு. கருவாப்பட்டை ஒரு பொட்டலம். கித்துள் பனைக் கருப்பட்டி நாலு. தேயிலை, பிஸ்கட், சாரம் என்கிற கைலி இரண்டு. பழைய குடை ஒன்று, அது எங்களுடையதே. 

"எதாச்சும் விட்டுப் போச்சா பாரு" என்றார்.

நான் தலையை ஆட்டாமல் "இல்ல வாப்பா" என்றேன். உம்மா சொன்ன பேசாமல் இருக்கும் விரதம் அங்கேயே முறிந்தது.

கொழும்பிலிருந்து கொச்சிக்குச் சாயா குடித்து முடிக்கிற நேரம்தான். அந்த நேரம் முழுவதும் நான் தலையைச் சாய்க்கவில்லை. சன்னல் ஓரம் எனக்குத்தான் கிடைத்தது. மேகம் பார்க்கச் சொன்னார் வாப்பா. நான் முன்னிருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்காமல் விட்ட மேகங்களை நினைத்து இன்றைக்கும் எனக்கு ஆதங்கம் உண்டு.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் இரண்டு வழிகள் இருந்தன. காட்டுவதற்கு ஒன்றுமில்லாதவர்களுக்குப் பச்சை, இருப்பவர்களுக்குச் சிவப்பு. கூட்டமெல்லாம் பச்சைக்குப் போயிற்று. உம்மாவும் அந்தப் பக்கம் காலை வைத்தாள். வாப்பா வண்டியைச் சிவப்புக்குத் திருப்பினார்.

"எல்லாரும் அங்கிட்டுப் போறாங்களே" என்றாள் உம்மா.

"எல்லாரும் போனா நாமளும் போகணுமா? இருக்கறதக் காட்டிட்டுப் போவோம். பயப்பட என்ன இருக்கு?"

சிவப்பு வழியில் எங்களைத் தவிர ஒரே ஒருவன்தான். வாலிபன். பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய பவுடர் டப்பாக்களை எல்லாம் மேசைமேல் கொட்டிக் கிளறிக்கொண்டிருந்தார்கள். அவன் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் நின்றார். என் தலையையும் இப்படித்தான் அவிழ்த்துக் கொட்டுவார்கள் என்று தோன்றியது.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு வாப்பாவின் வயது இருக்கும். காகிதத்தை வாங்கிப் படித்தார். பழைய குடை வந்ததும் சிரித்துவிட்டார்.

"இக்கா, இதினொக்கெ ஆரு சுங்கம் சோதிச்சு?" என்றார். இந்தச் சாமானுக்கெல்லாம் வரியே இல்லை, பேசாமல் அந்தப் பக்கம் போயிருக்கலாமே என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். உம்மாவுக்கு உயிர் வந்தது. அதற்குள் பக்கத்து மேசையில் இருந்த இளைய அதிகாரி எழுந்து வந்துவிட்டார். பிஸ்கட்டைக்கூட எழுதிக்கொண்டு வருகிறவர் எதையோ எழுதாமல் விட்டிருப்பார் என்பது அவர் எண்ணம். பெட்டிகளைத் திறந்தார்கள். தட்டுகளைத் தட்டிப் பார்த்தார்கள். கருப்பட்டி ஒன்றை உடைத்தார்கள். உடைந்த துண்டை எனக்கு நீட்டினார் இளையவர். நான் வாங்கவில்லை.

"மோள் பேடிச்சல்லோ" என்றார், என்னையே பார்த்தபடி. பிள்ளை ஏன் இப்படிப் பயப்படுகிறது என்று அவருக்குச் சந்தேகம். "ஸ்வர்ணம் உண்டோ?" என்று தங்கத்தைப் பற்றிக் கேட்டார். பெண் அதிகாரியைக் கூப்பிட்டு உம்மாவையும் என்னையும் உள்ளே அழைத்துப்போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

பெரிய அதிகாரி கையை உயர்த்தினார். வாப்பாவின் நெற்றியில் தொழுது தொழுது காய்த்த தழும்பை அவர் பார்த்திருக்க வேண்டும். பெண்பிள்ளைகளை உள்ளே கொண்டுபோய் அவிழ்க்க வேண்டாம், இவர் படைத்தவன் மேல் ஒரு சத்தியம் சொன்னால் நான் நம்புகிறேன் என்றார் மலையாளத்தில். நிஜமாகவே மரியாதையாகத்தான் சொன்னார்.

வாப்பா சத்தியம் செய்து நான் கேட்டதில்லை. பேச்சுக்குக்கூட அல்லாஹ் மேல் ஆணையாக என்று சொல்ல மாட்டார். அது விளையாட்டுச் சாமான் இல்லை என்பார். ஆனால் உள்ளது உள்ளபடி இருக்கும்போது சத்தியத்துக்கு என்ன பயம். அவர் நிமிர்ந்து நின்றார். நான் நடுங்குவதைப் பார்த்து, என்னை இழுத்துத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டு, தலையில் கையை வைத்தார்.

கை பிடரிப் பக்கம் இறங்கியது. பதக்கம் இருந்த இடத்தில் விரல்கள் நின்றன.

தெரிந்துபோயிற்று என்று நினைத்துக் கண்ணை மூடினேன். உம்மாவின் கண்ணாடி வளையல்கள் லேசாகச் சத்தமிட்டன. அப்படி எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. கண்ணைத் திறந்து பார்த்தபோது வாப்பாவின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கோபம் இல்லை, திகைப்பு இல்லை. ஆகவே தெரியவில்லை என்று முடிவு செய்தேன்.

"அல்லாஹ் மேல சத்தியம்" என்றார் வாப்பா. "இதுல எழுதாத ஒண்ணும் எங்ககிட்ட இல்ல."

பெரிய அதிகாரி தலையசைத்தார். பெட்டிகளை அவரே மூடிக் கொடுத்தார்.

வெளியே வந்து ஆலுவாவுக்குப் பஸ் பிடித்தோம். அங்கிருந்து இன்னொரு பஸ். வாப்பா வழியெல்லாம் பேசவில்லை. களைப்பாக இருக்கும் என்று உம்மா எனக்குச் சொன்னாள், நான் கேட்காமலே. வீட்டுக்கு வந்ததும் என் பின்னலை அவிழ்த்துச் சங்கிலியை எடுத்து எங்கேயோ வைத்தாள். தலை லேசானது. எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. ஒன்றும் அறியாத என் வாப்பாவைப் பொய்ச் சத்தியம் செய்ய வைத்துவிட்டேன். அவர் தொழுத தொழுகையெல்லாம் என் தலைமுடியால் வீணாகிவிட்டது.

மறுநாள் மதரஸாவில் பாடம் முடிந்ததும் உஸ்தாதிடம் போனேன்.

"உஸ்தாதே, ஒருத்தங்க பொய்ச் சத்தியம் பண்ணிட்டா என்ன செய்யணும்?"

"யாரு பண்ணினா?"

"என் கூட்டுக்காரி." தோழி என்று சொல்லித் தப்பித்தேன்.

"உன் கூட்டுக்காரிய முதல்ல அல்லாஹ்கிட்ட மன்னிப்புக் கேட்டு தவ்பா செய்யச் சொல்லு. அப்புறம் பத்து ஏழைக்குச் சோறு போடணும். கையில இல்லேன்னா மூணு நோன்பு பிடிக்கணும்."

பத்துப் பேருக்குச் சோறு போட என்னால் ஆகாது. மூன்று நோன்பு ஆகும். ரமலானில் முப்பதும் பிடித்த பிள்ளை நான். பள்ளிக்கூட விடுமுறைதான். வாப்பாவின் பேரில் நானே பிடித்து அடைத்துவிடுவது என்று தீர்மானித்து, அடுத்த நாளே தொடங்கினேன்.

அன்று மதியம் ராத்தா மத்திக் கறி வைத்திருந்தாள். கல்யாணத்துக்குமுன் சமையல் பழக வேண்டும் என்று மாமி அவளை அடுப்படியில் விட்டிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்குக் கிடங்கிலிருந்து வாப்பா வந்தார், தொழுதார், பாயை விட்டு எழவில்லை. தட்டை வைத்தபோது நோன்பு என்றார். என்ன நோன்பு என்று ராத்தா கேட்டாள்.

"இருக்கு ஒண்ணு" என்றார்.

உம்மாவும் நோன்பு என்றாள். ரமலானில் விட்டுப்போன களா நோன்பு என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்விட்டாள். நான் வயிற்றுவலி என்றேன்.

ராத்தா சட்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "எந்தா எல்லாருக்கும்? என் கறியில விஷமா கலந்து வெச்சிருக்கு? பிடிக்கலேன்னா பிடிக்கலேன்னு சொல்லுங்க. மூணு பேரு சேர்ந்து படுத்தாதீங்க."

அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவள் சமைக்க மாட்டேன் என்று அழுதாள். மாமி வந்து சமாதானம் செய்ய வேண்டியிருந்தது. அன்று அந்தியில், நோன்பு திறக்கும் மக்ரிபுக்குப் பாங்கு சொன்னபோது நான் குடத்தடியில் தண்ணீர் மொண்டுகொண்டு நின்றேன். வாப்பா அங்கே வந்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்து என் கையில் வைத்தார். உனக்கு எதற்கு நோன்பு என்று கேட்கவில்லை. தானும் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனார்.

நிக்காஹ் அன்று ராத்தாவின் கழுத்தில் சங்கிலி கிடந்தது. பெரியும்மா யார் கையிலோ கொடுத்து அனுப்பியதாக உம்மா எல்லோரிடமும் சொன்னாள். வாப்பாவிடமும் அதையே சொன்னாள். அவர் ஆமாம் என்று கேட்டுக்கொண்டார். பெரியும்மாவுக்கு துஆ செய்தார்.

வாப்பாவை நரகத்திலிருந்து மீட்டுவிட்டதாக வெகுகாலம் எனக்குப் பெருமை. அவர் மவுத்தான பிறகு, என் பிள்ளைகளின் மதரஸாப் பாடத்தைக் கேட்க உட்கார்ந்தபோதுதான் இரண்டு விஷயம் விளங்கிற்று. ஒருவருடைய சத்தியத்துக்கு இன்னொருவர் நோன்பு பிடித்து அடைக்க முடியாது. என் மூன்று நோன்பும் என் கணக்குக்கே போயிருக்கும். மற்றது, உண்மை என்று நம்பிச் செய்த சத்தியம் பொய்யாகப் போனால் அதற்கு நோன்பே கிடையாது. பொய் என்று தெரிந்தே சொன்னவர்தான் பிடிக்க வேண்டும்.

இது எனக்கு அப்போது தெரியாது. வாப்பாவுக்குத் தெரியும்.