அவன் சிரித்துக்கொண்டு வந்த காலை

நான்கு வருடங்களுக்கு முன்பு, தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நடந்தது இது. நானும் என் மனைவியின் தம்பியும் ஒரே படகில் சங்கு குளிக்கப் போகிறவர்கள். அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான். அந்த வருடம் திடீரென்று கடலுக்கு வருவதை நிறுத்திவிட்டான். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை, சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தான். எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். சோம்பேறி என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். மனைவிதான் அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்து, கொஞ்ச நாள் தனியாக விடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் குளித்து, சவரம் செய்து, சிரித்துக்கொண்டே வந்து நின்றான். தண்ணீருக்குள் போடும் தன் கண்ணாடியை என் கையில் வைத்தான்.

"நீங்களே வச்சிக்கிடுங்க அத்தான்."

வெளியே கிளம்பியவனை நான் தடுக்கவில்லை. ஆள் தேறிவிட்டான், இனி காவல் எதற்கு என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

மார்க்கெட்டிலிருந்து வந்த மனைவியிடம் கண்ணாடியைப் பெருமையாகக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இத அவன் யாரையும் தொடவே விடமாட்டானே! ஓடிப் போயி பாருங்க!"

சட்டைகூடப் போடாமல் ஓடினேன். அவன் செல்லை அணைத்து வைத்திருந்தான். டீக்கடை, ஐஸ் கம்பெனி, வலை பின்னும் இடம், எங்கேயும் ஆள் இல்லை. கேட்டவர்கள் எல்லாம் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில், கரையேற்றிய படகுகளுக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தான்.

மூச்சு வாங்க அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏதாவது பேசி மழுப்பி வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். நேராகக் கேட்டால் அந்த நினைப்பை நாமே எடுத்துக் கொடுத்தது போலாகிவிடுமோ என்று பயம். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"ஏலே, செத்துரலாம்னு நெனைக்கியா?"

"ஆமா அத்தான்" என்று என் தோளில் சாய்ந்து குழந்தை மாதிரி அழுதான். பிடித்த கையை விடாமல் ஆட்டோவில் ஏற்றி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

என்னைவிடச் சின்ன வயது டாக்டரம்மா. நான் அசட்டையாக இருந்ததைச் சொன்னபோது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. "மூளையும் ஓர் உறுப்புதாண்ணே. மாத்திரை முழுசா வேலை செய்ய வாரக்கணக்காகும். சில பேருக்கு உடம்புல தெம்பு முதல்ல வந்துரும், நம்பிக்கை பின்னாலதான் வரும். அந்த இடைவெளியிலதான் கூட ஆள் இருக்கணும்" என்றார். நேராகக் கேட்டது நல்லது, கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் வந்துவிடாது என்றும் சொன்னார். அவனைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தையும் நினைவுக்கு வர, வெட்கத்தில் தலை குனிந்தேன்.

மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டான். மெல்லத் தேறினான். இப்போது கடலுக்கு வருகிறான், என்னைக் கேலி செய்கிறான். ஆனாலும் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை. அந்த ஒரு "ஆமா"வைச் சொல்ல அவன் எத்தனை நாள் காத்திருந்தானோ, அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தைரியம் இல்லாமல் இருந்திருக்கிறது.