தெய்வம்மா நாயைப் பூட்டிவிட்டுப் போன ராத்திரி

தெய்வம்மா என் சித்தப்பா மகள். குன்னூருக்கு மேலே, காட்டை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறாள். லயம் என்றால் ஒரே நீளக் கூரைக்குக் கீழே அடுத்தடுத்துப் பத்துக் குடும்பம். ஒரு வீட்டில் இருமினால் நாலாவது வீட்டிலிருந்து "கசாயம் குடிச்சியா?" என்று கேட்பார்கள். அப்படி இருக்கிற லயத்தில் ஒரு மனித மூச்சுகூட இல்லாத ராத்திரி ஒன்று போன ஆவணியில் வந்தது.

சிலோனிலிருந்து கப்பல் ஏறி வந்தபோது தெய்வம்மாவுக்குப் பதினாறு வயது இருக்கும். சித்தப்பா அதற்கு முன்பே இறந்திருந்தார். மண்டபம் முகாமிலேயே சின்னம்மாவும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார். இடுப்பில் தம்பி லிங்கசாமியைத் தூக்கிக்கொண்டுதான் இந்த மலைக்கு ஏறி வந்தாள். அப்போது அவனுக்குச் சரியாக நடக்கக்கூட வராது. தோட்டத்தில் பேர் பதிந்து, அவனைத் தேயிலைச் செடி நிழலில் சாக்கு விரித்துப் போட்டுவிட்டுக் கொழுந்து எடுத்தாள். பிறகு அவளுக்குக் கல்யாணம் நடந்தது, புருஷனும் போய்விட்டார். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தம்பிதான் பிள்ளை.

அந்தப் பிள்ளைக்கு வயது நாற்பதைத் தாண்டியும் பெண் அமையவில்லை. ஓவேலியில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். பெண் பார்க்கப் போன இடமெல்லாம் "சொந்த வீடு இருக்குதா?" என்று கேட்டார்கள். கடைசியில் ஓவேலியிலேயே சுமலதா என்று ஒரு பெண் கிடைத்தாள். அவளும் எங்களைப் போல சிலோனில் அட்டன் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவள் அம்மாவின் தாய்மாமனும் எங்கள் தாத்தாவும் அங்கே ஒரே லயத்தில் பெண் எடுத்தவர்கள். சொந்தம் என்று சொன்னாலும் பொய்யில்லை.

மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற முடிச்சுகளை நாத்தனார் போட வேண்டும். ஆகவே தெய்வம்மா போகாமல் கல்யாணம் இல்லை. லிங்கசாமியை லயமே தூக்கி வளர்த்தது. ஆகவே லயத்தில் யாரும் போகாமலும் இல்லை. முதல் நாள் மத்தியானம் வேனில் புறப்பட்டு, மறுநாள் முகூர்த்தம் முடிந்து திரும்புவது என்று ஏற்பாடு. எல்லா வீட்டிலும் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்கள். தெய்வம்மா மட்டும் வாசலில் உட்கார்ந்து நாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நாய்க்குக் கங்காணி என்று பேர். செவலைக் குட்டியாகச் சாக்கடையில் கிடந்ததை எடுத்து வளர்த்தாள். வளர்ந்ததும், கொழுந்து எடுக்கிற பெண்களுக்குப் பின்னாலேயே நடந்து, உட்கார்ந்து கதை பேசுகிறவளைப் பார்த்துக் குலைக்கும். பழைய கங்காணி செத்து நாயாகப் பிறந்திருக்கிறான் என்று பெண்கள் சிரித்தார்கள். அந்தப் பேரே நிலைத்துவிட்டது. ஒரு நாள் பனிமூட்டத்தில், செடிகளுக்கு நடுவே படுத்திருந்த காட்டெருமை தெய்வம்மாவுக்குக் கை எட்டும் தூரத்தில் எழுந்தது. கங்காணி இடையில் பாய்ந்து குலைத்து அதைச் சரிவில் திருப்பிவிட்டது. "அன்னைக்கு அது இல்லேன்னா என் மேல புல்லு மொளைச்சிருக்கும்" என்று தெய்வம்மா எல்லோரிடமும் சொல்வாள். அதற்கப்புறம் அந்த நாய் இல்லாமல் அவள் ஒரு ராத்திரியும் இருந்ததில்லை.

அடுத்த வீட்டுப் பிரிஸில்லா தலையில் பூ வைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னும் பொடவ மாத்தலியா? வேன் வந்துரும்க்கா."

"இத என்னா செய்றதுன்னு தெரியலடி. கட்டிப் போட்டா புலி வந்துரும். அவுத்து விட்டாலும் புலி வந்துரும்."

அங்கே எல்லாரும் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வார்கள். அந்த மழைக்காலத்தில் மட்டும் மேல் லயத்தில் இரண்டு நாய் போயிருந்தது. ஒன்றுக்குச் சங்கிலி மட்டும் மிச்சம்.

"கூட்டிட்டுப் போயிரு. மாப்பிள்ள தோழனா நிக்கட்டும்."

வேன் ஓட்டுகிற வசந்த்குமார் அதைக் கேட்டுக்கொண்டே வந்து சேர்ந்தான். "அம்மா, ஆளுங்களே மடி மேல மடி உக்காரணும். நாய ஏத்துனா நான் எறங்கிக்கிறேன், அதையே ஓட்டச் சொல்லுங்க."

"வாய மூடு. அது ஓட்டுனா ஒன்ன விட நிதானமா ஓட்டும்" என்றாள் தெய்வம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பிரிஸில்லாவை நிற்கச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாளாம். ஒரு நாய்க்காக ஒரு மனுஷியைக் கல்யாணத்துக்கு வராதே என்று எப்படிச் சொல்வது? கடைசியில் வீட்டுக்குள்ளே விட்டுப் பூட்டிப் போவது என்று முடிவானது. பலகைக் கதவு, கீழ்ப்பாதிக்குத் தகரம் அடித்தது. ஜன்னலுக்குக் கம்பி இருக்கிறது. புலி எப்படி வரும்? தெய்வம்மா ஒவ்வொரு கம்பியையும் ஆட்டிப் பார்த்தாள். சோறும் தண்ணீரும் வைத்தாள். தன் பழைய கம்பளியை மடித்துப் போட்டாள்.

பிறகு சாமி மாடத்தில் பித்தளை விளக்கை ஏற்றினாள். தம்பி கழுத்தில் மாலை விழும்வரை அக்கா வீட்டு விளக்கு அணையக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மழைக்காலத்தில் கரண்ட்டையும் நம்ப முடியாது. நாய் இருட்டில் கிடக்கக் கூடாது. ராத்திரி முழுக்க எரிய வேண்டுமே என்று எண்ணெயை விளிம்புவரை ஊற்றினாள். பக்கத்தில் பெரிய அகல் ஒன்றும் வைத்தாள். மீதி எண்ணெய்த் தூக்கை மாடத்துக்குக் கீழேயே விட்டாள்.

வெளியே வந்து பூட்டைத் திருப்பியபோது நாய் குலைக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கதவிடுக்கில் அந்தச் சூடு அவள் கால்விரலில் பட்டதாம்.

வேன் கிளம்பும் முன்னால், கீழே பேக்டரியில் ராத்திரிக் காவல் பார்க்கும் ஏகநாதனுக்குப் போன் போட்டாள். அவன் கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆள்; மரியாதையானவன். "ஏகநாதா, லயத்துப் பக்கம் கொஞ்சம் காது வச்சிக்க" என்றாள்.

"வெச்சுக்கறனுங்கக்கா. நீங்க நல்லபடியா போயிட்டு வாங்க."

ஓவேலியில் கல்யாண வீடு நிறைந்து கிடந்தது. பெண் வீட்டார் நாத்தனாரை நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பலகாரத் தட்டு வந்தது, அவள் தொடவில்லை. இருட்டியதும் போனை எடுத்துக்கொண்டு தேயிலைக் காட்டு ஓரம் போனாள். அங்கேதான் டவர் கிடைக்கும்.

"குலைக்குதா?" என்று கேட்டாள்.

"குலைக்குதுங்கக்கா. நான் டூட்டிக்கு வந்ததுல இருந்து ஒரே குலைப்புத்தான். தனியா கெடக்குதில்ல, பயப்படும்."

"லைட்டு எரியுதா?"

"கரண்ட்டு போயிருச்சுங்க. ஆனா உங்க ஊட்டு ஜன்னல்ல மட்டும் மஞ்சளா ஒரு வெளிச்சம் தெரியுதுங்க."

"வெளக்கு வச்சிட்டு வந்தேன்."

 

"ஏனுங்கக்கா, நல்லெண்ணெயா ஊத்துனீங்க?"

"ஆமா. விடியிற மட்டும் எரியணுமே. என்னத்துக்குக் கேக்குற?"

"போன மாசம் மேல மாரியம்மன் கோயில் கதவ ஒடைச்சது எதுக்குனு நெனச்சீங்க? உண்டியல் அப்படியே இருந்துச்சு. வெளக்கு எண்ணெயத்தான் நக்கி வெச்சிருந்துச்சு. கரடிங்கக்கா."

தெய்வம்மாவுக்கு அது தெரியாததல்ல. கோயில் கதவைப் பார்த்து வாயில் கை வைத்தவள்தான். சத்துணவுக் கூடத்தில் எண்ணெய் டின்னைக் கரடி உருட்டிக்கொண்டு போனதையும் பார்த்தவள். லயத்தில் பத்து அடுப்பு புகைந்துகொண்டு, பிள்ளைகள் கத்திக்கொண்டு, டிவி ஓடிக்கொண்டு இருக்கிறவரை எந்தக் கரடியும் வாசலுக்கு வந்ததில்லை. அன்றைக்கு எல்லாருடைய வாயிலும் புலிதான் இருந்தது. கரடியை ஒருவரும் நினைக்கவில்லை.

"நீ போய் அத அணைச்சிட்டு வாயேன், சாமி."

"பூட்டு போட்டிருக்குதுங்களே. அதுவும் இந்த இருட்டுல ஒத்தையில நான் எப்படிங்கக்கா? பட்டாசு இருக்குது. இங்க இருந்தே ரெண்டு போடறனுங்க."

அவள் ஓடிவந்து வசந்த்குமாரைப் பிடித்தாள். இப்போதே வண்டியை எடு என்றாள். அவன் இலையில் உட்கார்ந்திருந்தான்.

"அம்மா, கீழ வளைவுல யானை நிக்குதுன்னு இப்பத்தான் சொல்லிட்டுப் போறாங்க. காலையில தாலி கட்டணும், நாத்தனாரக் கொண்டு போயி யானைகிட்ட விட்டேன்னா உங்க தம்பி என்னை உசுரோட விடுவாரா?"

பெண் வீட்டு அம்மாள் ஒருத்தி, "நாத்தனாருக்கு நாய் நெனப்பு. தம்பி நெனப்பு எப்ப வரும்?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். தெய்வம்மா தேயிலைக் காட்டோரம் திரும்பிப் போய் மறுபடி போன் போட்டாள்.

"பட்டாசு போட்டேனுங்க" என்றான் ஏகநாதன்.

"இப்பவும் குலைக்குதா?"

"இல்லைங்கக்கா. நின்னுருச்சு."

"பட்டாசுக்கு முந்தியா, பிந்தியா?"

"முந்தியே நின்னுருச்சுங்க." அதோடு, "ஜன்னல்ல வெளிச்சமும் இல்லீங்க" என்றான்.

மறுநாள் காலையில் லிங்கசாமி முதல் முடிச்சைப் போட்டான். தெய்வம்மா குனிந்து இரண்டாவதைப் போட்டாள். மூன்றாவது அவள் விரலில் நிற்கவில்லை. இரண்டு தடவை நழுவியது. மேளக்காரர் விடாமல் அடித்தார். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். லிங்கசாமி திரும்பிப் பார்த்து, "என்னாக்கா?" என்றான். "ஒண்ணுமில்ல, நேராப் பாரு" என்று சொல்லி இறுக்கிக் கட்டினாள். அட்சதை கீழே விழுவதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாணத்தில் அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை.

லயத்துக்கு வந்தபோது வெயில் இருந்தது. பூட்டு கொக்கியில் பத்திரமாகத் தொங்கியது. கதவுதான் இல்லை. தகரத்தைச் சுருட்டி, பலகையைப் பிளந்து, நிலையிலிருந்து கழற்றி உள்ளே தள்ளியிருந்தது. பித்தளை விளக்கு அடுப்படியில் கிடந்தது, தேய்த்துக் கழுவியதுபோல. எண்ணெய்த் தூக்கு நசுங்கிப்போயிருந்தது. நாய்ச் சோறு அப்படியே இருந்தது. ரத்தம் எங்கேயும் இல்லை. நாயும் இல்லை.

பாரஸ்ட் ஆட்கள் வந்து பார்த்தார்கள். கரடிதான் என்றார்கள், நாய் தப்பி ஓடியிருக்கும் என்றார்கள். அந்தக் காட்டில் ராத்திரி ஓடுகிற நாய்க்கு என்ன ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை. இவளும் கேட்கவில்லை. உடைந்த கதவைப் புரட்டிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்பக்கம், முழங்கால் உயரத்துக்குக் கீழே, பலகை முழுக்கச் சின்னச் சின்ன நகக் கீறல். வெளியே இருந்து ஒன்று வருவதற்கு எவ்வளவோ முந்தி, உள்ளே இருந்து ஒன்று பிறாண்டியிருக்கிறது. அவள் அந்தக் கீறல்களில் விரலை வைத்து வைத்து எடுத்தாள். பிரிஸில்லா தோளைப் பிடித்து எழுப்பவேண்டி இருந்தது.

லயத்து ஆட்கள் ஓடை வரைக்கும் தேடினார்கள். கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு நாள் கீழே கேத்திப் பக்கம் கேரட் காட்டில் செவலை நாய் ஒன்று சுற்றுகிறது என்று யாரோ சொல்ல, பஸ் ஏறிப் போனாள். அது வேறு நாய்.

தோட்டத்திலிருந்து ஆசாரி புதுக் கதவு கொண்டுவந்தார். தெய்வம்மா நிலையில் மாட்டவிடவில்லை. சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னாள்.

"ராத்திரியில அது வந்தா யாரு தெறப்பா? ஏற்கெனவே ஒருவாட்டி பூட்டிட்டுப் போயிட்டேன்."

"உனக்குக் கிறுக்காக்கா? கரடி ஒருக்கா தின்ன எடத்துக்குத் திரும்ப வரும்" என்றாள் பிரிஸில்லா.

"எண்ணெய் வச்சாத்தானே வரும். நான் வெளக்கே வைக்கிறதில்ல இப்ப."

லிங்கசாமி புதுப்பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஓவேலிக்கு வா, எங்களோடு இரு என்று காலில் விழாத குறையாகக் கேட்டான். சுமலதா, "அண்ணி, ஒரு வாரம் மட்டும் வாங்க, கதவப் போட்டுட்டு வந்து பாத்துக்கலாம்" என்றாள்.

"ஒரு வாரமா? இனி ஒரு ராத்திரியும் இந்த வீட்ட விட்டு இருக்க ஏலாதும்மா" என்று தெய்வம்மா சொன்னாள். அவர்களுக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்துப் போட்டு அனுப்பினாள். நான் போனில் சொன்னேன், திட்டினேன். எல்லாவற்றுக்கும் "சரி" என்றாள்.

இப்போதும் அந்த வீட்டில் வாசல் திறந்துதான் கிடக்கிறது. பொழுது சாய்ந்தால் பக்கத்து வீடுகளில் பிள்ளைகளை உள்ளே இழுத்துத் தாழ் போட்டுக்கொள்கிறார்கள். இவள் கட்டிலை வாசலுக்கு நேராகப் போட்டுப் படுக்கிறாள்.

போன வாரம் ஏகநாதன் டூட்டி முடிந்து போகிறவன், அவள் வீட்டு முன்னால் நின்றுவிட்டான். ராத்திரித் தூறலில் முற்றம் ஈரமாக இருந்தது. மனுஷப் பாதம்போல அகலமான தடம், முன்னால் நீள நகக் குறி. படிவரை வந்து, அங்கே கொஞ்ச நேரம் நின்று மிதித்து, பிறகு திரும்பிப் போயிருந்தது.

"அக்கா, இங்க வந்து பாருங்க. படி வரைக்கும் வந்திருக்குதுங்க. இன்னைக்கே கதவ மாட்டிருங்க" என்று கூப்பிட்டான்.

தெய்வம்மா சேலையைச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் காட்டிய தடத்தைத் தாண்டிப் போனாள். அதற்குப் பக்கத்தில் சின்னத் தடம் ஏதாவது உண்டா என்று, முற்றம் முழுக்கக் குனிந்து தேடிக்கொண்டிருந்தாள்.