பழுப்புத் தாளில் முப்பத்திரண்டு கைகள்

செயற்கைக் கை செய்வதற்கு முன் அவள் நல்ல கையைத்தான் முதலில் வரைவாள். பழுப்புத் தாளை விரித்து, வந்தவரின் கையை அதன்மேல் பதியவைத்து, பென்சிலை நெட்டுக்குத்தாகப் பிடித்தபடி விரல் விரலாக ஏறி இறங்குவாள். விரலிடுக்கில் பென்சில் நுழையும்போது எப்பேர்ப்பட்ட ஆளும் நெளிவார். "சிரிப்பு வந்தா சிரிச்சுக்குங்க, கையை மட்டும் ஆட்டாதீங்க" என்பாள். பிறகு அதே தாளில், பக்கத்திலேயே, வெட்டுப்பட்ட கை. கீழே தேதியும் அவர் பார்க்கும் வேலையும்.

எல்லோருக்கும் அவள் கையக்கா.

தாள் விரித்தது மேசைமேல் அல்ல. இலவச மையம் தொடங்கிய புதிதில் மேசை கேட்டாள்; மையத்தை நடத்தும் முதலாளியின் பாத்திரத் தொழிற்சாலையிலிருந்து ஆணியடித்த மரப்பெட்டிகள் இரண்டு வந்து இறங்கின. "உள்ள ஏதோ இரும்புச் சாமான், ஆடாம நிக்கும்" என்றார் லாரி டிரைவர். நின்றன, ஒன்பது வருஷம்.

முதலாளியைக் குறைசொல்ல அவளுக்கு நா எழாது. அவளைப் படிக்கவைத்தவரே அவர்தான். வாசலில் தம் பெயர் எழுதிய பலகையைக் கழற்றச் சொன்னவர். புதுக் கையால் ஒருவர் முதன்முதலாக டம்ளரைத் தூக்கியபோது, கண் கலங்கி, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவர். அது நடிப்பில்லை.

அலமாரியை ஒழுங்குபடுத்திய ஒரு மதியம், பழைய தாள்கள் சரிந்து தரையெல்லாம் கைகளாய்க் கிடந்தன. அள்ளி அடுக்கும்போது உறைத்தது. விபத்தென்றால் ஆளுக்கொரு மாதிரி வெட்டுப்படும். ஆனால் முப்பத்தொரு தாள்களில் ஒரே கோடு: வலக்கையில் நான்கு விரல்கள் போய், கட்டைவிரல் மட்டும் தப்பியிருந்தது. முப்பத்தொருவருமே முதலாளியின் தொழிற்சாலையில், பாத்திர மூடி அடிக்கும் பிரஸ் பிரிவில் மெஷினுக்குள் தகடு வைத்தவர்கள். ஒவ்வொரு கோட்டையும் போட்டது அவள் பென்சில்தான்.

அந்தப் பிரிவில்தான் போன மாதம் தம்பி சேர்ந்திருந்தான். அவள் முதலாளியிடம் கெஞ்சி வாங்கிக்கொடுத்த வேலை.

"மெஷின்ல கை மாட்டாம இருக்கத் தடுப்பு எதுவும் இல்லியாடா?"

"தடுப்பு வச்சா ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு மூடி எப்படிக்கா அடிக்கிறது? போனாத்தான் என்ன, நீ இருக்கியே. கூடப்பிறந்தவனுக்கு நகம் வச்சே செஞ்சு தருவே!"

"முதல்ல வாயைக் கழுவு. அப்புறம் கையைக் கழுவு."

அடுத்த வாரம் தொழிலாளர் பாதுகாப்பு அதிகாரி மையத்துக்கு வந்தார். "கம்பெனிப் பதிவேட்டுல எல்லாமே சிறு காயம்னு இருக்கும்மா. உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

நாளை சொல்வதாக அனுப்பிவிட்டு முதலாளிக்கு ஃபோன் செய்தாள்.

"ஐயா, அந்த மெஷினுக்குத் தடுப்பு போட்டா..."

"அதெல்லாம் மேனேஜர் பாத்துக்குவாரும்மா. உனக்குக் கை செய்யற ரப்பர் தீந்துபோச்சா? நாளைக்கே அனுப்பச் சொல்றேன்."

குரலில் கோபமே இல்லை. வாத்சல்யம்தான் இருந்தது. அதுதான் அவளைக் குலைத்துப்போட்டது. வெளியே பெஞ்சில் இருபது பேர் கைக்காகக் காத்திருந்தார்கள்.

சாயங்காலம் தம்பியை வரச்சொல்லி, அவன் வலக்கையைப் பெட்டிமேல் வைத்தாள்.

"எனக்கெதுக்குக்கா அளவு?"

"பேசாம வை."

ஐந்து விரல்களையும் வரைந்தாள். மறுநாள் அந்தத் தாளை மேலே வைத்து, முப்பத்திரண்டையும் அதிகாரியிடம் கொடுத்தாள்.

பிரஸ்கள் நின்றன. முதலாளி மையத்துக்குப் பணம் அனுப்புவதை நிறுத்தினார். வேலை போன தம்பி மூன்று மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெஞ்சிலிருந்து கடைசியாக எழுந்த கொத்தனார் ஒருவர், "உனக்கு ரெண்டு கையும் இருக்கும்மா. நியாயம் பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மையத்தைக் காலிசெய்த நாளில்தான் பெட்டிகளைத் திறந்தார்கள். பிரஸ் மெஷின்களோடு வாங்கிய கைத்தடுப்புகள், சுற்றிய எண்ணெய்க் காகிதம்கூடப் பிரிக்கப்படாமல், உள்ளே அடுக்கியிருந்தன.