மூன்றாவது பொட்டலம்

என் அம்மா மார்பில் கட்டி வந்து இறந்தார். அக்காவும் அப்படியே. அதனால் அடிவயிற்று வலிக்காகச் சேலத்துப் பெண் டாக்டரிடம் போனபோது மார்பைப் பற்றியும் கேட்டுவைத்தேன். கேட்காமல் வந்தால் வழியெல்லாம் உறுத்தும்.

"இடது சினைப்பையில் கட்டி. அந்தப் பையை எடுத்தே ஆக வேண்டும்" என்றார் டாக்டர். "வலது நன்றாகத்தான் இருக்கிறது. அதையும் எடுத்தால் மார்பில் நோய் வரும் வாய்ப்புக் குறையலாம் என்று நினைக்கிறோம். நிச்சயமில்லை. ஆனால் இனிப் பிள்ளை பிறக்காது, மாதவிலக்கும் நின்றுவிடும். யோசித்துச் சொல்லுங்கள்."

எனக்கு இருந்தது ஒரே பெண் குழந்தை. நான் யோசிக்கத் தொடங்குமுன் மாமியார், மாரியம்மனிடம் பூக் கேட்டுவிடலாம் என்றார். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம், அம்மன் முன் போட்டு ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது வழக்கம். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. இங்கேயோ ஒன்றை எடுப்பதா, இரண்டையுமா, எதையுமே எடுக்க வேண்டாமா என்று மூன்று கேள்விகள். பூசாரி மஞ்சள் செவ்வந்தியும் ஒரு பொட்டலம் கட்டினார். எதற்கு எந்தப் பூ என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மகள் எடுத்து நீட்டியது செவ்வந்தி.

"நல்லதுங்க" என்றார் பூசாரி.

"மஞ்சன்னா ஒண்ணு மட்டும். பேரன் வாரதுக்கு ஆத்தா வழி உட்டிருக்கா" என்றார் மாமியார்.

"வெள்ளைதானுங்கம்மா ஒண்ணுக்கு. மஞ்ச ரெண்டுக்குங்க" என்றார் என் கணவர்.

"நீ எங்கடா கவனிச்ச? செருப்பு வெக்க எடந்தேடீட்டு இருந்த."

பூசாரியைக் கேட்டோம். "நாங் கட்டுனதோட செரிங்க. மனசுல நெனச்சது நீங்கதானுங்களே."

"மறுக்காப் போட்டுப் பாக்கலாமா?" என்றார் கணவர்.

"ஆத்தா கோவிச்சுக்குமுங்க."

மாமியார் என் பக்கம் திரும்பினார். "ஏம்மிணி, நீ என்ன நெனச்ச?"

"ரெண்டும்னுதானுங்க அத்தை" என்றேன். நான் நினைத்தது, மகள் பொட்டலத்தை வாயில் வைத்துவிடக் கூடாதே என்பது.

இரண்டையும் எடுத்தார்கள். மாதவிலக்கு நின்றதில் உடம்பு தகிக்க, மார்கழியிலும் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன். மாமியார் என் போர்வையை மடித்து வைத்தார். டாக்டர் குறையலாம் என்றுதான் சொன்னார். குறைந்திருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. மூன்று வருடமாக வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது மார்பை மெல்ல அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை மகளும் எண்ணெய்க் கையால் தன் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன சாமி தேடற?"

"நீ தேடறதத்தான்."