மழை வேடம்

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குப் பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் வெயில் அரக்கி வேடம் கொடுத்தார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தனை பேர் முன்னால் அரக்கியாக நின்றால் ஜனங்கள் திட்டுவார்களே, பிள்ளை மனம் உடைந்துவிடாதா? மறுநாளே தமிழாசிரியையைப் பார்த்து, அவளை மழை தேவதையாக மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன்.

"கெட்டவங்க வேஷம்தாம்மா நடிக்க நல்லாருக்கும்," என்றார் அவர்.

"பரவால்லைங்க டீச்சர், அவ நல்லவளாவே இருக்கட்டும்."

ஆசிரியை வெளியூர். நானும் நெல் விளையும் ஊரில் பிறந்து மரக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்டவள். நாடகத்தில் வெயில் பூமியைக் கருக்கும், மழை வந்து காப்பாற்றும். இதில் தப்பு இருப்பதாக எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. பார்க்க வரப்போகிறவர்களில் பாதிப் பேர் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள். அப்போதுதான் உப்பு வாரத் தொடங்கியிருந்தார்கள். குவித்து வைத்ததெல்லாம் ஒரு மழைக்குக் கரைந்துபோகும். இத்தனை வருஷம் இங்கே குடித்தனம் நடத்தியும் அன்று இது என் மூளைக்கு எட்டவில்லை.

விழா அன்று வேறொரு பிள்ளை வெயில் அரக்கியாக, முகமெல்லாம் சிவப்புச் சாயத்தோடு உறுமிக்கொண்டு வந்தாள். விசில் பறந்தது. "அப்படித்தான், நல்லா அடி!" என்று ஒரு அம்மாள் கத்தினார். அரக்கிக்கே வெட்கம் வந்துவிட்டது.

பிறகு வெள்ளிக் காகிதக் கிரீடத்துடன் என் மகள். "நான் மழை, வந்துவிட்டேன்!"

"ஏய், போ! இப்ப யாரு உன்ன கூப்ட்டா?"

"அளம் பூரா உப்பு கெடக்குது, வந்துட்டா பாரு!"

முன்வரிசையில் இருந்த விவசாயி ஒருவர் எழுந்து திரும்பினார். "ஏம்பா, மழைய ஏம்பா திட்ற? சோறு திங்கிறியா, வெறும் உப்பா திங்கிறியா?"

"உப்பு போடாம தின்னு பாரேன்!"

மகளின் உதடு துடித்தது. நான் எழுந்துவிட்டேன். மேடையேறி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவதென்று முடிவு. அவ்வளவு வளர்ந்த பிள்ளையை எப்படித் தூக்குவது என்று யோசிக்கவில்லை.

அதற்குள் அவள் மைக்கைப் பிடித்தாள். நாடகத்தில் இல்லாத வசனம்.

"சரி, கத்தாதீங்க. எல்லாரும் போய் ஓலை போட்டு உப்ப மூடிட்டு வாங்க. அதுவரைக்கும் இங்கயே நிக்கிறேன்."

மைதானமே சிரித்தது. இடுப்பில் கைவைத்து நிற்கவும் செய்தாள். பின்னாலிருந்து ஒருவர், "மூடியாச்சு, நீ பெய்ம்மா!" என்று குரல் கொடுத்த பிறகுதான் மழைக்கென்று மேடையில் வைத்திருந்த குடத்தை எடுத்துக் காகிதத் துண்டுகளைக் கொட்டினாள். என்னைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள். என் கைகள் முன்னாலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வரும் வழியில், "கெட்டவளா நல்லா நடிச்சேனாம்மா?" என்று கேட்டாள்.

நீ போட்டது நல்லவள் வேடமடி என்று சொல்ல வாயெடுத்தேன். எங்களுக்கு முன்னால் அளத்துப் பெண்கள் நான்கைந்து பேர் பேசிக்கொண்டு போனார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நல்லா நடிச்ச," என்றேன்.