கண்ணாடியோரம் ஒரு கோல்கீப்பர்

குன்னூரில் எனக்கு முடிவெட்டியவர் குட்டையான மனிதர். மீசை மட்டும் ஆளுக்கு மீறியது. பபிள்கம்மோடு கிரிக்கெட் அட்டை வந்த காலம் அது. அதைப் பார்த்து, தங்கள் எஸ்டேட் கால்பந்து டீமின் பழைய குரூப் போட்டோவை அவரும் ஆள் ஆளாக வெட்டி, அட்டைகளில் ஒட்டி, கடைக் கண்ணாடியைச் சுற்றிச் செருகியிருந்தார். நல்ல படத்தைப் பாழாக்கிவிட்டாரே என்று எனக்கு எரிச்சல்.

“கும்பலா இருந்தா யாரும் யாரு மூஞ்சியையும் பாக்கறதில்லீங்க” என்பார்.

கத்தரியை எடுக்குமுன் கோல்கீப்பரின் அட்டையை மட்டும் துணியால் துடைப்பார். மற்றவற்றில் தூசி படிந்து கிடக்கும். ஒருநாள் உற்றுப் பார்த்தேன். கோல்கீப்பரின் தோளில் வேறொருவரின் கை இருந்தது.

“இது யாரு கைங்க?”

“பக்கத்துல நின்னவருதுங்க. சிலோன்ல இருந்து வந்தவரு, என்ற சிநேகிதரு. போன மழையில தவறிட்டாரு. ஊட்டுல வேற போட்டோவே இல்லைன்னு அவரு சம்சாரம் வந்து கேட்டாங்க. அவரு அட்டையைக் குடுத்துட்டேன்.”

“கை மட்டும் இங்கேயே நின்னுபோச்சே?”

“அதையும் வெட்டித் தாரேன்னேங்க. அது டீமோடயே இருக்கட்டும்னுட்டாங்க.”

தலையைக் குனியச் சொன்னார். குனிந்தேன். இத்தனை நாளும் அவர் துடைத்தது கோல்கீப்பரை என்றல்லவா நினைத்திருந்தேன்.